உங்கள் பிள்ளை கண் வகையா, காது வகையா, கை வகையா?



போன மாதம் ஒரு குழுவின் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்ததும் உள்கடன் கேட்பவர்களின் விவரத்தை ஊக்குநர் வாசித்தார். ஆட்டுக்குட்டி வாங்க ஒருவர், தையல் மிஷினுக்கு மோட்டார் போட ஒருவர், மகள் காதுகுத்துக்கு ஒருவர். நான்காவதாக ஒரு சகோதரி, 'படிப்புச் செலவு, 5,000 ரூபாய்' என்று எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் திறக்கிற மாதமும் இல்லையே, இது என்ன படிப்புச் செலவு என்று எல்லோரும் கேட்டோம்.

"எம் மவனுக்குக் கைரேகை எடுக்கணும்" என்றார்.

பத்து விரலையும் மிஷினில் வைத்து எடுப்பார்களாம். பிள்ளை கண்ணால் பார்த்துப் படிக்கிற வகையா, காதால் கேட்டுப் படிக்கிற வகையா, கையால் செய்து பார்த்துப் படிக்கிற வகையா என்று கம்ப்யூட்டரில் போட்டுப் புத்தகமாகவே கொடுத்துவிடுவார்களாம். பெரியவனானால் டாக்டராவானா, என்ஜினியராவானா என்பதும் அதிலேயே இருக்குமாம். பையனுக்கு 5 வயது. அதே தெருவில் இரண்டு வீட்டில் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது.

"இதெல்லாம் நம்பலாமா?" என்று ஊக்குநர் கேட்டார். அந்தச் சகோதரி எங்கள் பக்கம் திரும்பி, "ஏன், மேடம்தான பயிற்சியில சொன்னாங்க, மூணு வகைப் பிள்ளைங்க இருக்குன்னு?" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், நாங்கள்தான் சொன்னோம். சில வருடங்களுக்கு முன் நடந்த குழந்தை வளர்ப்புப் பயிற்சியில் ஒரு சார்ட்டில் கண், காது, கை மூன்றும் வரைந்து மாட்டி, "உங்க பிள்ளை எந்த வகைன்னு கண்டுபிடிங்க, அந்த வகையில சொல்லிக் குடுங்க, நல்லாப் படிக்கும்" என்று சொன்னது நாங்கள்தான். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்ததை அப்படியே உங்களிடம் இறக்கி வைத்தோம். அது சரிதானா என்று விசாரிக்கவில்லை. அந்தத் தவறைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை. குழுக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த நீல் பிளெமிங் என்பவர் 1992-ல் ஒரு கேள்வித்தாள் பற்றி எழுதினார். பார்ப்பது, கேட்பது, வாசித்து எழுதுவது, செய்து பார்ப்பது என்று நான்கு வழி. கல்லூரி மாணவர்கள் தங்களுக்கு எது பிடிக்கிறது என்று தாங்களே யோசித்துப் பார்க்க அது உதவும் என்றார். அதுபோல உலகம் முழுவதும் பலர் பல வகைகளைப் பிரித்துச் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்ததால் ஆசிரியர் பயிற்சி, பெற்றோர் பயிற்சி என்று எல்லா இடத்துக்கும் பரவியது. எங்கள் சார்ட் வரைக்கும் வந்து சேர்ந்தது.

பிறகு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சோதிப்பது எப்படி என்றால், ஒரு உரம் நல்லதா என்று நாம் எப்படிப் பார்ப்போம்? ஒரு பாத்திக்குப் போட்டு, பக்கத்துப் பாத்திக்குப் போடாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் அல்லவா? அதுபோலத்தான். 'கண் வகை' பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கண் வழியிலும் பாதிப் பேருக்குக் காது வழியிலும் ஒரே பாடத்தை நடத்த வேண்டும். 'காது வகை' பிள்ளைகளுக்கும் அப்படியே. தன் வகைக்குப் பொருத்தமாகப் படித்த பிள்ளைகள் எல்லோரும் அதிகமாகக் கற்றிருந்தால் இந்தப் பேச்சு உண்மை. 2008-ல் அமெரிக்காவில் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியல் அறிஞர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். இப்படி ஒழுங்காகச் சோதித்த ஆய்வுகளே கொஞ்சம்தான். அவற்றிலும் சில நேர் எதிராகச் சொல்லின. பிள்ளைகளை வகை பிரித்து நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

'ஆனா எம் பிள்ளை படம் பார்த்தாத்தான் உக்காருதே' என்று நீங்கள் நினைக்கலாம். அது பிடித்தம். பிடித்தம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. முறுக்கு பிடிக்கும் என்பதால் முறுக்கிலேயே உடம்பில் ரத்தம் ஊறிவிடாது. கீரையும் உள்ளே போக வேண்டும்.

கைரேகை விஷயம் இதைவிட மோசம். விரலில் ரேகை பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. அதன் பிறகு மாறுவதில்லை. பிள்ளையின் மூளையோ பிறந்த நாளிலிருந்து பேச்சுக் கேட்டு, விளையாடி, விழுந்து எழுந்து வளர்ந்துகொண்டே இருக்கிறது. மாறாத ஒன்றைப் பார்த்து, மாறிக்கொண்டே இருப்பதை எப்படிச் சொல்ல முடியும்? இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் இந்தக் கைரேகைச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்லியிருக்கிறது. இதை விற்பவர்கள் ஹோவர்டு கார்ட்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் பெயரைச் சொல்வார்கள். மனிதருக்குப் பல விதமான அறிவுத்திறன்கள் உண்டு என்று 1983-ல் புத்தகம் எழுதியவர் அவர். தான் சொன்னதும் இந்தக் கற்றல் வகைப் பேச்சும் ஒன்றல்ல என்று 2013-ல் அவரே எழுதிவிட்டார். கடைக்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

முத்திரை குத்தினால் என்ன கெட்டுவிடும்?

பணம் போவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றை நாங்கள் நேரில் பார்த்தோம்.

எங்கள் அந்தப் பயிற்சிக்கு வந்த ஒரு உறுப்பினருக்கு 6 வயதில் ஒரு மகள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பாட்டுச் சொல்லித் தந்தால் வாய் திறக்க மாட்டாள். படத்தைக் காட்டினால் மட்டும் சரியாகக் கை வைப்பாள். சார்ட்டைப் பார்த்துவிட்டுப் போன அம்மா, "இவ கண்ணு வகை, அதான் சொன்னாக் கேக்க மாட்டேங்குறா" என்று முடிவு செய்துவிட்டார். நாங்களும் வீட்டுக்குப் போனபோது தலையை ஆட்டிவிட்டு வந்தோம். ஒரு வருடம் அப்படியே ஓடிப்போனது.

பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர்தான் காதில் விளக்கு அடித்துப் பார்த்துச் சொன்னார்கள்: இரண்டு காதிலும் சீழ், செவிப்பறையில் ஓட்டை. தலையணையில் ஈரம் இருப்பதையும் நாற்றத்தையும் அம்மா கவனித்திருக்கிறார். எண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறார். அந்தப் பிள்ளைக்குப் பாட்டு பிடிக்காமல் இல்லை, பாட்டு சரியாகக் காதில் விழவே இல்லை. அரசு மருத்துவமனையில் காது டாக்டரிடம் பல மாதம் நடந்து, இப்போது ஒரு காது நன்றாகக் கேட்கிறது, இன்னொன்று கொஞ்சம் மந்தம். வகுப்பில் முன் வரிசையில், நன்றாகக் கேட்கும் காது டீச்சர் பக்கம் வருகிற மாதிரி உட்கார வைத்திருக்கிறார்கள். இப்போது அவள் வீட்டில் பாட்டு நிற்பதில்லை என்று அம்மா அலுத்துக்கொள்கிறார். அந்த ஒரு வருடத்தை நாங்கள் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆகையால் பிள்ளை ஒரு வழியை விட்டு ஒதுங்கினால், 'அதன் வகை அப்படி' என்று சொல்லிவிடாமல் முதலில் உடம்பைப் பாருங்கள். பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா? டி.வி. பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா? பென்சில் பிடிக்கக் கை தடுமாறுகிறதா? 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் 2 முறையும் அரசுப் பள்ளிக்கு வருடம் 1 முறையும் வர வேண்டும். வருகிற தேதியை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள். அது வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். காதில் எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள்.

பள்ளியில் பிரிப்பது வேறு

'பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைகளைப் பிரிச்சு உக்கார வைக்கிறாங்களே' என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. 2022-ல் நம் மாநில அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3 வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். அது பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதற்கான பிரிவு. இன்று அரும்பில் இருக்கிற பிள்ளை நாளை மொட்டுக்குப் போகும். 'வகை' என்பது அப்படி அல்ல. பச்சை குத்தின மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிள்ளையும் அதை நம்ப ஆரம்பித்துவிடும். "எனக்கு வாசிக்க வராது, நான் கை வகை" என்று 8 வயதுப் பையன் ஒருவன் எங்களிடமே சொன்னான்.

சரி, பிறகு எப்படிச் சொல்லித் தருவது?

கண், காது, கை மூன்றும் வேண்டும். ஆனால் மூன்று பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகப் பங்கு போட்டுக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்றும் வேண்டும்.

இது நமக்குப் புதிது இல்லை. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே வாயால் சத்தமாகச் சொல்ல வைப்பார்கள். விரல் எழுதுகிறது, கண் பார்க்கிறது, வாய் சொல்கிறது, காது கேட்கிறது. 1789-ல் சென்னையில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். ஊர் திரும்பி 1797-ல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். அது இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்று பேர் வாங்கியது. நம் ஊர்த் திண்ணையில் இருந்து போனது!

1907-ல் இத்தாலி நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு மழலைப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரும் உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வைத்தார். அவர் 1939-ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவரும் 'இந்தப் பிள்ளைக்கு உப்புத்தாள், அந்தப் பிள்ளைக்குப் பாட்டு' என்று பிரிக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம்தான்.

நீங்கள் வீட்டில் செய்ய ஒரு தட்டும் கொஞ்சம் குறுமணலும் போதும். முதலில் நீங்கள் விரலால் 'ப' எழுதிக் காட்டி, 'ப' என்று சொல்லுங்கள். பிள்ளையின் விரலைப் பிடித்து ஒரு முறை. பிறகு பிள்ளை தானாக. தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் அழிந்துவிடும், தப்பாக எழுதினாலும் யாருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்கு இதில்தான் கொள்ளை சந்தோஷம். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களும் மகளையோ மகனையோ எழுதச் சொல்லிக் கூடவே எழுதிப் பழகலாம். எங்கள் பகுதியில் இரண்டு பாட்டிமார்கள் இப்படித்தான் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள்.

எந்த வழி முன்னால் வர வேண்டும் என்பதைப் பிள்ளையின் வகை முடிவு செய்யாது. சொல்லித் தருகிற விஷயம்தான் முடிவு செய்யும். கயிற்றில் முடிச்சுப் போடுவதை வாயால் மட்டும் சொல்லித் தர முடியுமா? ல, ள, ழ வித்தியாசத்தைக் கண்ணால் மட்டும் படிக்க முடியுமா? 'பல்லி, பள்ளி' என்றும் 'வலி, வழி' என்றும் மாற்றி மாற்றிச் சொல்லி முதலில் காதுக்குப் பழக்க வேண்டும். பிறகு ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, 'ழ' சொல்லும்போது நாக்கு எப்படி மடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே பத்துத் தடவை சொல்லும்.

கணக்குக்குக் கைதான் முதலில். 1 முதல் 20 வரை பாட்டு மாதிரி ஒப்பிக்கிற பிள்ளையிடம், "ஏழு புளியங்கொட்டை எடுத்துக் குடு" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் ஒரு பிடி அள்ளிக் கொடுக்கும். அதற்கு 'ஏழு' என்ற சத்தம் தெரியும், ஏழு என்றால் எவ்வளவு என்று தெரியாது. ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு எடுத்து வைத்து எண்ண வேண்டும். ஏழையும் ஐந்தும் இரண்டுமாகப் பிரி, நாலும் மூன்றுமாகப் பிரி, திரும்பச் சேர். நன்றாகப் பழகிய பிறகு கொட்டையைத் துணியால் மூடிவிட்டு, "மூணு எடுத்துட்டேன், உள்ள எத்தனை இருக்கும்?" என்று கேளுங்கள். அப்போதுதான் கையில் இருந்த கணக்கு தலைக்கு ஏறும். கடைசியாக எண்ணை எழுதிக் காட்டுங்கள். நம்மில் பலர் எழுதுவதில் ஆரம்பித்து, கொட்டைக்கு வராமலே விட்டுவிடுகிறோம். பல்லாங்குழி வீட்டில் இருந்தால் பரணில் இருந்து இறக்குங்கள். 14 குழியில் ஐந்தைந்தாகப் போட்டு ஆடுகிற பிள்ளைக்கு ஐந்தாம் வாய்ப்பாடு தனியாக நடத்த வேண்டாம்.

கதைக்குக் காது. ஆனால் கதை சொல்லி முடித்ததும் விட்டுவிடாதீர்கள். "நரி அப்புறம் என்ன செஞ்சுச்சு?" என்று பிள்ளையைத் திரும்பச் சொல்ல வையுங்கள். நாளைக்கு ஒரு முறை கேளுங்கள், நாலு நாள் கழித்து ஒரு முறை கேளுங்கள். மறந்து மறந்து நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் விஷயம் மனதில் தங்குகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதற்கு நாம் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பள்ளியில் இருந்து வந்ததும் "இன்னைக்கு டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டு, அடுப்பு வேலை செய்துகொண்டே காது கொடுத்தால் போதும். "எனக்குத் தெரியாதே, நீ சொல்லிக் குடு" என்றால் பிள்ளைக்குப் பெருமை தாங்காது.

செல்போனைப் பற்றியும் கேட்டீர்கள். அதில் பாட்டும் படமும் இருக்கிறது, கைக்கு வேலை இல்லை. பிள்ளை கேள்வி கேட்டால் அது பதில் சொல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். 2 வயது ஆகும் வரை வேண்டவே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சோறு ஊட்டுவதற்குள் அந்த 1 மணி நேரம் முடிந்துவிடும் என்பது நமக்கும் தெரியும்.

கடன் கேட்ட சகோதரியின் கதைக்கு வருவோம். அன்று குழுவில் ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. நாங்கள் எங்கள் தவறைச் சொன்னோம். "நீங்க அப்பவே சொல்லியிருந்தா அந்த ரெண்டு வீட்டுக் காசும் மிஞ்சியிருக்கும்" என்று ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டார். பதில் இல்லை, கேட்டுக்கொண்டோம். கட்டிய பணம் திரும்ப வரவில்லை. இந்தச் சகோதரி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். கைரேகை, மூளை அளவு, நினைவாற்றல் மருந்து போன்ற செலவுக்குக் கடன் கேட்டால், பள்ளி ஆசிரியரிடமோ சுகாதார நிலையத்திலோ விசாரித்த பிறகுதான் கொடுப்பது என்று குழு தீர்மானம் எழுதியது. மற்ற குழுக்களும் இதைப் பேசிப் பார்க்கலாம்.

இந்த மாதக் கூட்டத்துக்கு வந்தபோது அந்தச் சகோதரி சிரித்துக்கொண்டே ஒரு புகார் சொன்னார். மணல் தட்டுப் போதவில்லை என்று பையன் சொளகில் இருந்த ரேஷன் அரிசியைப் பரப்பி 'அ' எழுதிவிட்டானாம், கோழி வந்து பாதியைத் தின்றுவிட்டதாம்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு குழுவும் ஒரு தட்டும், 50 புளியங்கொட்டையும், ஒரு சின்னக் கண்ணாடியும் கொண்டு வாருங்கள். மேலே சொன்னதை எல்லாம் உட்கார்ந்து செய்து பார்ப்போம். 3 முதல் 8 வயதுக்குள் பிள்ளை இருந்தால் கூட்டி வாருங்கள். மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்து வர வேண்டும். மணல் கிடைக்காத ஊரில் ரவையோ கோலமாவோ போதும்.